இடைவிலகிய இளைஞரும் நம் கடப்பாடும்

விழா மலர் என்பது பெரும்பாலும் பெயர்களின் மலராகவே அமைகின்றது. நீதிபதிகளானோர், வைத்தியர்களானோர், பொறியியலாளரானோர், பேராசிரியராயும் அதிபராயும் விளங்கினோர், துடுப்பாட்டத்திலே நூறு ஓட்டம் எடுத்தோர் ஆகிய யாவர் பெயரும் இத்தகைய ஏடுகளிலே உரிய சிறப்போடு பொறிக்கப்படுகின்றன. அது தக்கதே. ஆயினும், கல்லூரி அலுவலகத்து அலுமாரியிலே கிடக்கும் சேர்விடாப்பை எடுத்துப் புரட்டுவோமாயின், விழா மலர்களில் ஒருகாலும் இடம்பெறாத வேறொரு பெயர் வரிசை நம் கண்ணிற்படும். ஆறாம் வகுப்பிலே சேர்ந்து, எட்டிலோ ஒன்பதிலோ பதினொன்றிலோ நின்றுபோனவர்களின் பெயர்கள் அவை. அப்பெயர்களுக்கு நேரே, விலகிய திகதியும், சில வேளை காரணமாக ஒரு சொல்லும் எழுதப்பட்டிருக்கும். பல வேளை காரணம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாய்க் கிடக்கும். அவர்களும் நம் பழைய மாணவர்களே. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

நின்றுபோனோர் அனைவரும் இடர்ப்படுகின்றனர் என்று நாம் கூற வரவில்லை. தந்தையாரின் கடையிலே அமர்ந்து வணிகராய்ச் செழித்தோரும், தோட்டஞ் செய்து நன்னிலை எய்தினோரும் அவருள் உளர். நாம் கருதுவது, பள்ளியிலும் இல்லாது, தொழிலிலும் அமராது, தொழிற் பயிற்சியிலும் சேராது நிற்கும் இளைஞரையே. 1999 ஆம் ஆண்டிலே பிரித்தானிய அரசாங்கம் வெளியிட்ட ஓர் அறிக்கை, பதினாறு முதற் பதினெட்டு வயது வரையுள்ள இத்தகையோரைத் தனியொரு பிரிவினராக எடுத்து ஆராய்ந்தது. அதன் பின்னர்ப் பல நாடுகளும் இவர்களை எண்ணிக் கணக்கிடத் தொடங்கின. சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் கணிப்பின்படி, 2023 ஆம் ஆண்டிலே உலகத்து இளைஞருள் ஐவரில் ஒருவர் இந்நிலையில் இருந்தனர். அவருள் மூன்றில் இரு பங்கினர் பெண்கள். பெண்களுள் மிகப் பலர் வீட்டுப் பணியிலே விடியல் முதல் இரவு வரை உழைப்போராதலின், அவர் நிலை தனியே ஆராயற்பாலது. எமது கல்லூரி ஆண்கள் கல்லூரியாதலால், ஈண்டு ஆண் பிள்ளைகளைப் பற்றியே பேசுகின்றோம்.

இவர்களைக் குறிக்கக் கல்வித் திணைக்களத்தார் வழங்குஞ் சொல் 'இடைவிலகியோர்' என்பது. தமிழாசிரியர் கண்ணுக்கு இச்சொல்லிலே ஒரு குறை தோன்றும். விலகுதல் தன்வினை, விலக்குதல் பிறவினை. விலகினான் என்னும்போது செயல் முழுதும் பிள்ளையின் தலையிலே ஏறிவிடுகின்றது. விலக்கினார் என்போமாயின் ஆசிரியரும் அதிபரும் குற்றவாளிகளாகின்றனர். உண்மையோ இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கின்றது. வெளியே போ என்று எவரும் அவனுக்குச் சொல்வதில்லை; அவனும் ஒரு நாட் காலையிலே எழுந்து இனிப் பள்ளி வேண்டாம் என்று துணிவதில்லை. பிடி சிறிது சிறிதாகத் தளர்கின்றது. அத்தளர்ச்சி எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிந்தாலன்றி, மீட்கும் வழியை அறிதல் அரிது.

தொடக்கம் பெரும்பாலும் வாசிப்பிலே உண்டாகின்றது. ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுள் சிலர் எழுத்துக் கூட்டியே வாசிப்பர். வரியின் முடிவுக்கு வருமுன் அதன் தொடக்கம் மறந்துபோகும். ஆயினும் அவர்கள் இக்குறையை மறைக்கக் கற்றுக்கொள்கின்றனர். கரும்பலகையிலுள்ளதை அழகாகப் பார்த்தெழுதுவர், கொப்பி ஒழுங்காயிருக்கும். வாசி என்றால் மட்டும் தலையிடி என்பர். அன்றேல் முன்னிருப்பவன் வாசித்ததைச் செவியாற் கேட்டு, அதனையே மனனமாய் ஒப்புவிப்பர். ஒன்பதாம் வகுப்பிலே விஞ்ஞானமும் வரலாறும் நீண்ட வசனங்களாய் வரும்போது இவ்வுபாயம் பலிப்பதில்லை. குழப்படிகாரன் என்னும் பெயர் அப்போதுதான் உண்டாகின்றது. மொக்கன் என்று பெயரெடுப்பதினும் குழப்படிகாரன் என்று பெயரெடுப்பது பதினான்கு வயதுப் பிள்ளைக்கு உவப்பானது என்பதை வகுப்பறையிலே நின்ற ஆசிரியர் யாவரும் அறிவர்.

அடுத்து, வரவிடாப்பு பேசத் தொடங்கும். முதலிலே திங்கட்கிழமைகளில் வராமை. பின்னர் வெங்காய நடுகைக்கு ஒரு கிழமை, கரைவலை இழுக்க இரண்டு நாள், மாமனாருடைய வீட்டுக்குக் கொங்கிறீற்றுப் போடும் நாள் ஒன்று. போன நாளிலே கையிற் காசு கிடைக்கின்றது. வந்த நாளிலே விளங்காத பாடம் கிடைக்கின்றது. இவ்விரண்டையும் பிள்ளை ஒப்புநோக்குகின்றான். அவன் கணக்கிலே பிழையில்லை. இக்கட்டத்திலே வகுப்பாசிரியர் வீட்டுப் படலைவரை ஒருமுறை போய்வந்தால் பெரும்பாலும் போதும். ஆயின், நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையும் ஐந்து பாடவேளைகளையும் வைத்திருக்கும் ஆசிரியருக்கு அஃது எளிதன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பின்னர் வருவது சாதாரண தரப் பரீட்சை. இங்கே பலருங் கவனியாத ஓர் இடைவெளி உண்டு. கொரோனாத் தொற்றினாலே 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் நெடுநாள் மூடப்பட்டன. 2022 இலே எரிபொருளின்மையாற் போக்குவரத்து நின்றது. பரீட்சைகள் பின்தள்ளப்பட்டன. 2022 ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2023 மே மாத இறுதியிலே தொடங்கியது. பெறுபேறு வெளிவர ஏறக்குறைய ஆறு மாதஞ் சென்றது. அந்த ஆறு மாதமும் பதினாறு வயதுப் பிள்ளை யாருடைய பொறுப்பு? கல்லூரியின் இடாப்பிலே அவன் பெயர் இல்லை. வேறோர் இடாப்பிலும் ஏறவில்லை. இரவு விழித்துப் பகல் உறங்கும் வழக்கம், மதகிலே கூடும் கூட்டம், கைத்தொலைபேசி, அதற்கப்பாற்பட்ட போதைப் பழக்கம் ஆகியவை அவ்விடைவெளியிலேதான் நுழைகின்றன. 2024 ஆம் ஆண்டிலே, பரீட்சை முடிந்தவுடன், பெறுபேறு வருமுன்னரே உயர்தர வகுப்புகள் தொடங்கப்பட்டன. சித்தியெய்துவோருக்கு அது நன்மையே. சித்தியெய்தாதோனுக்கோ, மூன்று மாதம் உயர்தர வகுப்பிலே அமர்ந்திருந்துவிட்டு, எல்லோரும் பார்க்க எழுந்துபோகும் நிலையை அது தந்தது.

அதன் பின் வெட்கம் குடிகொள்கின்றது. கூடப் படித்தோர் போகும் வீதியால் அவன் போவதில்லை. கோயிற் திருவிழாவிலே அவர்கள் நிற்கும் பக்கம் நிற்பதில்லை. ஊரவர் கேட்டால், 'திரும்ப எடுக்கப் படிக்கிறான்' என்று தாயார் சொல்லிவிடுகின்றார். இவ்வாறு ஈராண்டு கழியும். இடையிலே மேசனுக்குக் கையாளாகச் சில நாள், முச்சக்கர வண்டி ஓட்டிச் சில நாள், வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லும் முகவரை நம்பிச் சில மாதம் எனக் காலம் போகின்றது. பதினெட்டு வயதிலே அவனைக் கண்டு 'சோம்பேறி' என்கின்றோம்.

நம் நாட்டிலே இக்குறைக்கு மருந்து தேடியோர் இலர் அல்லர். கன்னங்கரா அவர்களின் தலைமையிலே அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. 1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியை யாவரும் நினைவுகூருவர். அதே அறிக்கை, ஆரம்பக் கல்விக்கு மேலே மூவகைப் பாடசாலைகள் வேண்டும் என்றும், அவற்றுள் ஒருவகை செய்முறைத் தொழில்களைக் கற்பித்தல் வேண்டும் என்றும் கூறியதை நினைப்போர் சிலரே. அவ்வகை வேரூன்றவில்லை. 1971 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின்னர், சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் சார்பிலே டட்லி சியர்ஸ் என்னும் பொருளியலாளர் தலைமையில் வந்த குழு, படித்த இளைஞர் எதிர்பார்க்கும் உத்தியோகமும் நாட்டிலுள்ள தொழிலும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பதை எடுத்துக் காட்டியது. 1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், அயலிலுள்ள தொழில்களைத் தழுவிய தொழின்முன்னிலைப் பாடங்களை மாணவர் யாவருக்கும் விதித்தது. அக்காலத்திலே படித்தோர் இம்மலரை வாசிப்போருள்ளும் இருப்பர். அப்பாடங்களைத் தம் வீட்டார் எவ்வாறு நோக்கினர் என்பதை அவர்களே சொல்லுவர். 1977 ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தை அடுத்து அவையும் கைவிடப்பட்டன. கட்டாய வரவு பற்றிய விதிகள் 1998 இல் நடைமுறைக்கு வந்தபோது பதினான்கு வயதையும், 2016 இல் திருத்தப்பட்டபோது பதினாறு வயதையும் எல்லையாக வைத்தன. 2017 ஆம் ஆண்டிலே, சாதாரண தரப் பெறுபேறு எவ்வாறாயினும் பதின்மூன்று ஆண்டுக் கல்வி உண்டு என்னும் திட்டம், தெரிந்தெடுத்த 42 பாடசாலைகளிலே தொழிற் பிரிவோடு தொடங்கப்பட்டது.

இவற்றுட் பல தளர்ந்தமைக்குப் பணக்குறையும் ஆட்சி மாற்றமும் காரணமென்பர். அவையும் உண்மையே. எமக்குத் தோன்றும் வேறொரு காரணமும் உண்டு. செய்முறைக் கல்வியைப் புகழ்ந்து பேசியோர் அதனை அயலான் பிள்ளைக்கே விதித்தனர்; தம் பிள்ளையை உயர்தர விஞ்ஞான வகுப்புக்கே அனுப்பினர். உத்தியோகம் புருஷ லட்சணம் என்று சொல்லி வளர்த்த ஊரிலே, தச்சுப் பட்டறைக்குப் போ என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வது, நீ தோற்றாய் என்று சொல்வதாகவே அவன் காதில் விழுகின்றது.

நன்னூலார் மாணாக்கரை அன்னம், ஆ முதலாக நெய்யரி ஈறாக வகுத்ததை நாம் வகுப்பிலே சுவைபடச் சொல்வோம். அதே பாயிரத்திலே, ஆசிரியராகத் தகாதாரை அவர் மடற்பனைக்கும் உவமித்தார் என்பது அத்துணை வழக்கில் இல்லை. பனை தானாக விழுத்தும் பழத்தைப் பொறுக்கலாமேயன்றி, மடலும் கருக்கும் நிறைந்த அம்மரத்தை எவரும் எளிதில் அணுக முடியாது. யாழ்ப்பாணத்தாருக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. நின்றுபோன பிள்ளை கல்லூரியை நோக்கும்போது அஃது அவனுக்கு மடற்பனையாகவே தோன்றுகின்றது. திறந்த கதவு, இலவச வகுப்பு, சுவரொட்டி அறிவித்தல் ஆகியவற்றால் அவன் வாரான்.

ஆகவே அவனிடம் ஆள் போதல் வேண்டும். நோர்வே நாட்டிலே 1994 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு, பள்ளியிலும் தொழிலிலும் இல்லாத இளைஞரைத் தேடித் தொடர்புகொள்ளுதல் மாகாண ஆட்சியின் சட்டக் கடமையாக்கப்பட்டது. அவன் வந்து கேட்கட்டும் என்று அங்கே இருப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2013 இலே வகுத்த இளைஞர் உறுதிமொழி, கல்வியையோ வேலையையோ விட்ட நான்கு மாதத்துக்குள் ஒருவனுக்குக் கல்வி, தொழில், பயிலுநர் இடம் ஆகியவற்றுள் ஒன்று கையளிக்கப்படல் வேண்டும் என்கின்றது. நான்கு மாதம் என்னும் எல்லையைக் கவனித்தல் வேண்டும். டென்மார்க்கிலே எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து நடைபெற்ற உற்பத்திப் பள்ளிகள் வேறொரு வழியைக் காட்டின. அங்கே பிள்ளைகள் பயிற்சிக்காக ஒரு நாற்காலியைச் செய்து பின் உடைத்துப் போடுவதில்லை. விலைக்கு வாங்குவோருக்காக நாற்காலி செய்தனர். 2019 இல் அவை வேறோர் அமைப்போடு இணைக்கப்பட்டன; ஆயினும் அக்கருத்து நின்று நிலவுகின்றது. நாம் நோர்வேயும் அல்லோம், டென்மார்க்கும் அல்லோம். ஆனால் ஒருவர் வீட்டுக்கு நடந்துபோவதற்கும், உண்மையான வேலையொன்றைக் கொடுப்பதற்கும் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை.

யார் போவது? அவனை அடித்தோ ஏசியோ இராத ஆசிரியர், அன்றேல் அவனுக்கு நாலைந்து ஆண்டு மூத்த பழைய மாணவர் ஒருவர் போதல் நன்று. அதிபர் போனால் அவன் பின்வளவாற் போய்விடுவான். போனவர், 'ஏன் தம்பி படிப்பை விட்டாய்?' என்று தொடங்கலாகாது. அக்கேள்வியை அவன் நூறுமுறை கேட்டுவிட்டான். அதற்கு விடை தாயார் முன்னிலையிலே சொல்லக்கூடியதும் அன்று. 'தம்பி, எங்கள் வீட்டு நீரிறைக்கும் மோட்டர் நின்றுபோயிற்று. கழற்றிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், வருகிறாயோ?' என்று கேட்பது மேல். முதல் வேலை ஒரு நாளிலே முடிவதாயிருத்தல் வேண்டும். முடித்தான் என்பதைப் பிறர் காணக்கூடியதாயும் இருத்தல் வேண்டும். நீண்ட காலம் எதையும் முடியாதிருந்தவனுக்கு, முடித்தேன் என்னும் உணர்வே முதல் மருந்து. மூன்று நான்கு முறை இவ்வாறு நடந்த பின்னரே பயிற்சி நிலையம், சான்றிதழ் முதலியவற்றைப் பேசலாம்.

வாசிப்பைப் பற்றி எமது தொழிலறிவாற் சில சொல்வோம். பதினேழு வயதினனுக்கு ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் அவன் மறுநாள் வாரான். அது கற்பித்தலன்று, அவமதித்தலாகவே முடியும். சாரதி அனுமதிப்பத்திரத்துக்குரிய எழுத்துப் பரீட்சையின் வீதி விதிகளைக் கொடுத்தால் அதனை அவன் எழுத்துக் கூட்டியேனும் வாசிப்பான். ஏனெனில் அது அவனுக்கு வேண்டும். வன்பொருட்கடைப் பற்றுச்சீட்டு, வங்கிப் படிவம், பூச்சிமருந்துப் போத்தலிலுள்ள குறிப்பு, மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகப் பட்டியல் ஆகியவை யாவும் பாடநூல்களே. நாளுக்கு இருபது நிமிடம் போதும். ஆயின் நாடோறும் நடத்தல் வேண்டும். ஒரே பந்தியை மூன்று முறை உரக்க வாசிப்பித்தல் வேண்டும். மூன்றாம் முறையிலே தன் நாக்கு தடையின்றி ஓடுவதை அவன் தானே உணர்வான். பிறர் முன் வாசிப்பிக்கலாகாது. கணிதமும் இவ்வாறே. அளவு நாடாவும் சீமெந்துக் கலவை விகிதமும் பின்னத்தைக் கற்பிப்பதுபோற் கரும்பலகை கற்பிப்பதில்லை.

இனி, ஏணி எங்கே உளது என்பதையும் சொல்லுதல் வேண்டும். பெற்றாருள் மிகப் பலர் அதனை அறியார். தேசிய தொழிற்றகைமை எனப்படும் ஒழுங்கு 2004 ஆம் ஆண்டளவிலே நம் நாட்டில் ஏற்படுத்தப்பட்டது. அதற்கு ஏழு படிகள் உண்டு. முதல் நான்கும் தொழிற் சான்றிதழ்கள். ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள். ஏழாவது பட்டத்துக்குச் சமமானது. 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பெற்று இரத்மலானையிலே இயங்கும் தொழிற்கல்விக்கான பல்கலைக்கழகம் அம்முடிவிடத்திலே நிற்கின்றது. ஆகவே பட்டறையிலே தொடங்குவோன் பட்டறையிலேயே நின்றுவிட வேண்டும் என்னும் விதியில்லை. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் மாவட்டந்தோறும் உள. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை, பிள்ளையை நேரே தொழிலகத்திலே பயிலுநனாகச் சேர்க்கின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே 2016 இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் வடபகுதிப் பிள்ளைகளுக்கு அணித்தானது. மேலும், ஏற்கனவே கையாலே தொழில் கற்றுக்கொண்டவன், வகுப்பிலே அமராமலேயே தன் திறமையைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெறும் முறையும் உண்டு. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். எட்டு ஆண்டு வயரிங் வேலை செய்தும் கையிலே ஒரு துண்டுக் கடதாசியின்றி நிற்போர் இதனை அறிதல் வேண்டும். கணிதத்தில் மட்டும் தவறியோன், அதனை மட்டும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் திரும்ப எழுதலாம்.

இவ்வேணியின் முதற்படியிலே ஒரு சிறு தடை உண்டு. அது விடுகைப் பத்திரம். அதனைப் பெறக் கல்லூரிக்கு வரவேண்டும். அலுவலகத்தின் முன் நிற்கவேண்டும். பழைய ஆசிரியர் எவரேனும் கண்டு, 'இப்போது என்ன செய்கிறாய்?' என்று கேட்பர். இவ்வொரு கேள்விக்கு அஞ்சிப் பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பியாது விட்டோரை நாம் அறிவோம். அப்பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஒழுங்கு செய்வோமாயின், ஒரு சதமும் செலவின்றி ஒரு படலை திறந்துவிடும்.

பழைய மாணவர் சங்கத்தாருக்கும் ஒரு வார்த்தை. விழாக் காலங்களிலே நுழைவாயில் வளைவும், மண்டபமும், ஒளிவிளக்குகளும் நன்கொடையாகக் கிடைக்கின்றன. அவை கண்ணுக்குத் தெரிவன. கொடுத்தவர் பெயரைக் கல்லிலே பொறிக்கவும் இடந் தருவன. அவற்றை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆயின் கராஜ், அச்சகம், உணவகம், கட்டட ஒப்பந்தம் நடத்தும் பழைய மாணவர் ஆளுக்கொருவராகப் பிள்ளைகளை ஏற்பாராயின், அதன் பயன் வளைவினாற் கிடைக்கும் பயனிலும் மிகும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோர், மருமகனுக்கு மோட்டார் சைக்கிள் அனுப்புவதை விடுத்து, முகமறியாப் பிள்ளையொருவனுக்கு ஓராண்டுப் பேருந்துக் கட்டணமும் ஒரு பெட்டி ஆயுதங்களும் அனுப்பலாம். பயிற்சி இலவசமாயிருந்தும் பேருந்துக் காசின்றி மூன்றாம் மாதத்திலே நின்றோர் உளர்.

ஏற்போர் ஒன்றை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். முதல் மூன்று மாதத்திலே அவன் ஒருமுறையாவது நிற்பான். பிந்தி வருவான், பாஸ் ஏசுவார், மறுநாள் வாரான். இதனை நன்றியின்மை என்று கொள்ளலாகாது. ஏச்சுக்கு ஒளித்துக்கொள்வது அவன் ஈராண்டாகப் பழகிய பழக்கம். அன்று மாலையே ஒருவர் அவன் வீட்டுக்குப் போதல் வேண்டும். ஒரு கிழமை தாழ்த்தினால் வெட்கம் இறுகிவிடும். ஒரு மாதம் தாழ்த்தினால் முதலிலிருந்தே தொடங்க வேண்டிவரும். ஆதலின் முதலாளியாரின் கையிலே அவனுடைய தந்தையின் தொலைபேசி இலக்கத்தோடு, அவனை அழைத்துவந்தவரின் இலக்கமும் இருத்தல் நன்று. தந்தையாரை அழைத்தால் வீட்டிலே அடி விழும். அழைத்துவந்தவரை அழைத்தால் அவர் போய்ப் பேசுவார்.

இதனை எங்கிருந்து தொடங்குவது என்று வினவுவோருக்கு, அலுவலகத்து அலுமாரியையே காட்டுவோம். கடந்த ஐந்து ஆண்டிலே இடையில் நின்றோரின் பெயர்களைச் சேர்விடாப்பிலிருந்து எடுத்தெழுதுதல் எழுதுவினைஞர் ஒருவருக்கு இரண்டு நாள் வேலை. அதனைக் கிராம உத்தியோகத்தர் பிரிவுவாரியாக வகுத்தால், ஒவ்வோர் ஊருக்கும் ஐந்தாறு பெயர்களுக்கு மேல் வாரா. வலயக் கல்வி அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவினரும், பிரதேச செயலகத்து மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரும் வேண்டிய சகாயத்தைச் செய்யக் கூடியவர்கள்; எவ்வெப் பயிற்சிக்கு எப்போது விண்ணப்பம் கோரப்படும் என்பதை அவர்களிடமே கேட்டறியலாம். ஊர்தோறும் உள்ள பழைய மாணவர் ஒருவர் தம் ஊர்ப் பெயர்களை வாங்கிச் செல்லட்டும். இடாப்பிலுள்ள முகவரி மாறியிருக்கும். இடம்பெயர்ந்து மீண்ட குடும்பங்களுக்கு இரண்டு முகவரியும் இருக்கும். கோயில் வீதியிலே இரண்டு பேரைக் கேட்டால் வீடு தெரிந்துவிடும்.